இறக்கைக்கு ஒரு பெயர்

நாலாம் வகுப்புக்கு மின்விசிறி வாங்கப் பள்ளியில் பணமில்லை. தலைமையாசிரியை ஒரு யோசனை செய்தார். தெருவில் மூன்று பேரிடம் போய், ஆளுக்கு ஓர் இறக்கை என்று கேட்டார். உடனே கொடுத்தார்கள். டயர் கடை இருதயராஜ், மாவு மில் சமீரா பானு, இஸ்திரிக் கடை ஏகாம்பரம் என்று இறக்கைக்கு ஒரு பெயர் சிவப்பு பெயின்டில் ஏறியது.

மாட்டி ஒன்பது நாளாகிவிட்டது. மின்விசிறிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, பிள்ளைங்களுக்கு வேர்த்து ஊத்துது. இன்னைக்காவது என்னைச் சுத்த விடுங்களேன்" என்று சுவரிலிருந்த சுவிட்சிடம் கெஞ்சியது.

"நானா வேண்டாங்கறேன்? திறப்பு விழாவுல நீ சுத்தினதும் 'எம் பேரு எங்க'ன்னு மூணு பேரும் சண்டைக்கு வந்துட்டாங்க. அன்னைக்கே டீச்சர் எம்மேல 'தொடாதே'ன்னு தாள் ஒட்டிட்டாங்க."

"அவங்க என்ன தினமுமா வந்து பாக்கறாங்க?"

"வந்துட்டா?"

மின்விசிறி கீழே பார்த்தது. பிள்ளைகள் திறப்பு விழா அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அதிலும் அந்த மூன்று பெயர்கள்தான். விசிறுகிற வேகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.