கறுப்பு மெஷின்

அமெரிக்கத் துறைமுக ஊரான துலூத்தில், தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் தேவாலயக் கடை. சாத்தும் நேரம். இருப்பவர்கள்: கல்லாவில் டார்லீன், கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வெர்னர், அவர் மகள் இங்க்ரிட், இரவு வேலைக்கு முன் கையுறை தேடி வந்த நான். சாயும் வெயிலில் அலமாரியில், மாவைப் போட்டால் தானே பிசைந்து சுட்டுத் தரும் பிரெட் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் இந்த ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும் இதுதான் பரிசு. வெர்னர் தன் மனைவி லோயிஸின் மெஷினைத் தேடுகிறார். அவள் இறந்ததும் இங்க்ரிட் அதை இங்கே கொடுத்துவிட்டாள். மாவு பிசையும் துடுப்பு மட்டும் வீட்டில் கரண்டி டிராயரில் தங்கிவிட்டது; தொலையாமலிருக்க லோயிஸ் அதை அங்கேதான் வைப்பாள். இப்போது அது வெர்னர் கையில்.

“துடுப்பில்லாதத நாங்க வைக்கிறதில்ல வெர்னர். அது பழைய இரும்புக்குப் போயிருக்கும்,” என்கிறாள் டார்லீன். இங்க்ரிட் தரையைப் பார்க்கிறாள். வெர்னர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, உள்ளே இருக்கும் துடுப்பைக் கழற்றிவிட்டு லோயிஸின் துடுப்பை மாட்டிப் பார்க்கிறார். கடைசி மெஷினில் அது ‘டக்’கென்று உட்காருகிறது.

“அப்பா, இது கறுப்பு. அம்மாவோடது வெள்ளை.”

“மாவுக்குக் கண்ணா இருக்கு?”

“லோயிஸ் சுடுற ரை தானிய பிரெட்தானே? ரை மாவு மட்டும் போட்டா எழும்பாது, பாதி கோதுமை பிரெட் மாவு சேருங்க,” என்கிறாள் டார்லீன்.

“தெரியும். ஈஸ்ட் கடைசில, தண்ணி படாம. எத்தனை வருஷம் பார்த்திருக்கேன்!”

“பார்க்க மட்டும்தானே செஞ்சீங்க!” இங்க்ரிட் சிரிக்கப் பார்க்கிறாள், முடியவில்லை.

வெர்னர் மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறார். அவர் பின்னால் நாங்களும் வெளியே வருகிறோம். டார்லீன் கதவைச் சாத்திப் பூட்டுகிறாள்.