பேய் பிடித்த கார்

“இது காரே இல்லை தம்பி, பேய் புடிச்ச பொட்டி! இன்னிக்குச் சரியாகலேன்னா நாளைக்கே வித்துத் தலைமுழுகிடுவேன். வாங்கறதுக்கு ஆள் ரெடியா இருக்கு” என்றார் கணவர்.

மனைவிக்கு முகம் வாடிவிட்டது.

“என்ன கோளாறு சார்?” என்று கேட்டார் மெக்கானிக்.

“நான் தினமும் ஆபீஸ் வேன்ல போறவன். கார் வாரம் பூரா வீட்டுலதான் நிக்குது. ஞாயித்துக்கிழமை எடுத்தா சத்தம் போடுது, இடது பக்கமா இழுக்குது. போதாததுக்கு டிரைவர் சீட் தானா முன்னாடி நகர்ந்து கிடக்கு. உட்காரும்போதே முட்டி இடிக்குது!”

“சத்தம் எங்கேருந்து வருது?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?”

மனைவி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். “தம்பி, வேகத்தடையில ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினா ஒண்ணும் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில விழுந்தா, முன்னாடி இடது பக்கம் டக்கு டக்குன்னு தட்டுது.”

மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, இடது சக்கரத்துக்குப் பின்னால் இருந்த லிங்க் ராடு என்ற இரும்புக் கம்பியைப் பிடித்து ஆட்டினார். அது லொடலொடவென்று ஆடியது.

“அட, கரெக்டா சொல்லிட்டீங்களே அக்கா! வேற?”

“பின்பக்கம் ஒரு தடவை குதிச்சா நிக்கவே மாட்டேங்குது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே வருது.”

அவர் டிக்கியை அழுத்திவிட்டுப் பார்த்தார். அவள் சொன்னபடியே ஆடியது. “ஷாக் அப்சார்பர் போச்சு. மாத்திடலாம்.”

கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. “பார்த்தீங்களா! இவளுக்கு ஓட்டவே தெரியாது. கத்துக்கறேன்னு கேட்டா. உனக்கெதுக்கு வீண் வம்புன்னு நான்தான் விடலை. சும்மா பக்கத்துல உட்கார்ந்து வர்றவளுக்கு என்ன காது, என்ன காது!”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்றாள். ஆனாலும் பாராட்டு அவளுக்குத் தெம்பு கொடுத்திருக்க வேண்டும். “இன்னொண்ணு தம்பி. தொண்ணூறைத் தாண்டினா ஸ்டியரிங் நடுங்குது. நூத்திப்பத்துல அந்த நடுக்கம் நின்னுடுது.”

“வீல் பேலன்ஸ்! கையோட அலைன்மென்ட்டும் பார்த்துட்டா இழுப்பு நின்னுடும். அக்கா, பேசாம என் கடைக்கே வேலைக்கு வந்துடுங்க.”

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. கடைசியாக டிரைவர் சீட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

“லாக் கச்சிதமா இருக்கு சார். இது மட்டும் எனக்குப் பிடிபடலை.”

மனைவி கைப்பையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கணவர் உருகிப்போனார்.

“நீ மட்டும் இல்லேன்னா தங்கமான வண்டியைத் தூக்கிக் கொடுத்திருப்பேன். அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடறேன். போதுமா?”

“நிஜமாவா?” அவள் கண்கள் கலங்கிவிட்டன.

ஒரு சைக்கிள்காரர் மணியடித்தபடி அவர்களை முந்திக்கொண்டு போனார். கணவர் கோபப்படவில்லை, அவருக்குப் பழக்கம்தான். வழக்கம்போல வேகமானி முள் இருபதில் நின்றது. அதைப் பார்த்தவருக்குச் சுரீரென்று உறைத்தது. வாங்கிய நாளிலிருந்து இந்த வண்டியை அவர் ஐம்பதுக்கு மேல் ஓட்டியதே இல்லை.

“ஏம்மா… எத்தனையில நடுங்குதுன்னு சொன்னே?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி, சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“இறங்கு.”

“கோபமாங்க?”

“அதெல்லாம் அப்புறம். இப்ப நடுங்குதா இல்லையான்னு தெரியணும். நமக்கு அந்த வேகம் வராது தாயே, நீயே ஓட்டிக் காட்டு!”

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தவள், குனிந்துகூடப் பார்க்காமல் கையை அடியில் விட்டு, ஞாயிறுதோறும் அவர் முட்டி இடித்துக்கொள்ளும் அதே இடத்துக்குச் சீட்டைச் சரக்கென்று இழுத்துக்கொண்டாள்.