இரண்டு நிமிடப் பிரார்த்தனை

பெட்டி திறந்திருக்கும், கண்கள் மூடியிருக்கும். இரண்டு நிமிடம். பூட்டுக்காரருக்கு அதுவே தாராளம்.

பிரார்த்தனைக் கூடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தக் கடன் சங்கம். இரும்புப் பெட்டியின் கைப்பிடி இறுகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். சரிசெய்தார். கூலிப் பேச்சை எடுத்ததும், "கடவுள் உங்களுக்கு நிறையக் கொடுப்பார்" என்றார் செயலாளர். சங்கம் பாதிதான் கொடுத்தது.

அங்கே ஒரு வழக்கம். தினமும் காலை பத்து மணிக்குச் செயலாளர் பெட்டியைத் திறப்பார். உடனே பணத்தைத் தொடமாட்டார். வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லாரும் எழுந்து நின்று, கண்களை மூடி, இரண்டு நிமிடம் பிரார்த்தனை. அப்புறம்தான் கொடுக்கல் வாங்கல். சுவரில் கொட்டை எழுத்தில் பலகை மாட்டியிருந்தார்கள்: 'நம்பிக்கையே நமது பூட்டு.'

தொழில்முறையில் பூட்டுக்காரருக்கு அது கொஞ்சம் வலித்தது.

"பெட்டியைத் திறந்து போட்டுட்டு எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டா எப்படி அத்தை?" என்று மாமியாரிடம் கேட்டார். அவள் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர்.

"நாப்பது வருஷத்துல ஒரு சல்லிக்காசு காணாமப் போனதில்ல மாப்பிள்ளை. அங்க ஒவ்வொருத்தரும் முதலாளி. நம்ம காசை நாமளே திருடுவோமா?"

"அப்ப என்னையும் சேர்த்துவிடுங்க. ஒரு கடன் வேணும். ஜாமீன் கையெழுத்தும் நீங்களே போட்டுடுங்க."

"சேர்த்து விடுறேன். கையெழுத்தெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்று அத்தை எழுந்து போய்விட்டாள்.

அந்த 'அப்புறம்' வரவேயில்லை. ஒரு பங்கு வாங்கி, உறுப்பினராகி, மனுவும் கொடுத்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், ஒருவரும் நிற்கவில்லை. நல்ல பெயராவது எடுக்கலாம் என்று தினமும் முதல் வரிசையில் நின்று, நெற்றி சுருங்கும் அளவுக்குக் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். அதற்கும் யாரும் அசைந்து கொடுக்கவில்லை.

"உங்களுக்காகப் பிரார்த்தனை பண்ணிக்கிட்டுதான் இருக்கோம்" என்றார் செயலாளர். பேனா மூடியைத்தான் திறக்கவில்லை.

கடை வாடகை மூன்று மாதம் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லையென்றால் சாவி வெட்டும் மெஷினைத் தெருவில் இறக்கிவிடுவேன் என்று கடைச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அந்த மெஷின்தான் வீட்டில் நான்கு பேருக்குச் சோறு.

அன்றுதான் பூட்டுக்காரர் முடிவெடுத்தார். முன்கூட்டிக் கண் திறந்து பார்த்து மாட்டிக்கொள்ள அவர் மடையர் இல்லை. அவர் தொழிலில் பாதி வேலை காதுக்குத்தான். கண்களை மூடியபடியே எல்லாவற்றையும் கேட்டு அளந்துவைத்தார். பெட்டிக்கு நான்கு அடி. கதவை இன்னும் அகலத் திறந்தாலும் முனகாது, எண்ணெய் விட்டதே அவர்தான். செயலாளரின் குரல் எந்த இடத்தில் உயரும் என்பதும் மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை. ரப்பர் செருப்பு, சட்டைப்பையில் மடித்த துணிப்பை. பெட்டி திறந்தது. எல்லாரும் எழுந்தார்கள்.

"கடவுளே, எங்கள் எல்லாரையும் ஒருவரையொருவர் நம்ப வைத்தாயே, உனக்கு நன்றி. தவணை கட்டாமல் புது வண்டி வாங்கியிருக்கிற அந்த ஆத்மாவுக்கு நல்ல புத்தி கொடு. பேர் சொல்ல மாட்டேன். மூன்றாவது வரிசை, நீலச் சட்டை..."

குரல் உயர்ந்தது. இதுதான் நேரம். பூட்டுக்காரர் துணிப்பையை உருவிக்கொண்டு கண்களைத் திறந்தார்.

நாற்பத்திரண்டு பேர். எண்பத்து நான்கு கண்கள். ஒன்றுகூட மூடியிருக்கவில்லை.

தையல்காரர் பால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரர் நீலச் சட்டையை. தலைவர் செயலாளரின் கையை. செயலாளரின் வாய் பிரார்த்தித்துக்கொண்டிருக்க, கண் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தது. யார் முகத்திலும் வெட்கமில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல இயல்பாக நின்றார்கள். அத்தை மட்டும் வேறெங்கும் பார்க்காமல் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூட்டுக்காரர் துணிப்பையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே வேர்த்திருந்தது.

பிரார்த்தனை முடிந்தது. "பூட்டுக்காரரே, கொஞ்சம் வெளியில உட்காருங்க. கூப்பிடுறேன்" என்றார் செயலாளர்.

பெஞ்சில் உட்கார்ந்தார். தையல்காரர் பால்காரரிடம் குசுகுசுவென்று ஏதோ சொல்லிவிட்டுச் செயலாளர் அறைக்குள் போனார். அடுத்து பால்காரர். அடுத்து தலைவர், பின்னாலேயே இன்னும் இருவர். சாட்சி சொல்லத்தான் போகிறார்கள். கடைசியாக அத்தையும் போனாள். ஓடிவிடலாமா?

"உள்ள வாங்க."

மேஜைமேல் அவருடைய கடன் மனு இருந்தது.

"ரெண்டு ஜாமீன் கேட்டிருந்தோம். ஆறு பேர் போட்டுட்டாங்க. பணத்தை வாங்கிட்டுப் போய் முதல்ல வாடகையைக் கட்டுங்க."

பூட்டுக்காரர் மனுவைத் திருப்பிக் கையெழுத்துகளை எண்ணிப் பார்த்தார். "இத்தனை நாள் இல்லாம... இன்னைக்கு எப்படிங்க?"

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டு மாசமா நீங்க ஒருத்தர்தான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நின்னீங்க. இவ்வளவு பக்தியா நடிக்கிறவன் மனசுல ஏதோ திருட்டுத்தனம் இருக்குன்னு எங்க எல்லாருக்கும் ஒரே பயம்.

"இன்னைக்குக் கண்ணைத் திறந்தீங்க பாருங்க, அப்பத்தான் நீங்களும் எங்களை மாதிரி யோக்கியமானவர்னு தெரிஞ்சுது!"