ஃப்ரிட்ஜுக்குக் கிடைத்த லைசென்ஸ்

“நம்ம ஆபீஸ்ல ஒரு ஃப்ரிட்ஜ் மூணு மாசம் வேலை பார்த்துச்சு. ஒரு நாள்கூட லீவு போடல!” என்றார் மேகநாதன். ஓய்வுபெறும்வரை அலுவலகக் கம்ப்யூட்டர் லைசென்ஸுகளைக் கட்டி மேய்த்தவர். ரஞ்சிதத்தின் பிரிவுபசார விருந்துக்கு வந்திருந்தார்.

“ரீல் விடாதீங்க சார்,” என்று சக ஊழியன் ஞானசேகர் மட்டும் சத்தம் போட்டான்.

“அட, வீட்டிலேருந்து ஆபீஸ் சிஸ்டத்துக்குள்ள வர்றதுக்கு லைசென்ஸ் ஆளுக்கில்லப்பா, மெஷினுக்கு. கதவுல கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் வெச்ச ஃப்ரிட்ஜ்லேருந்து எவனோ உள்ள நுழைஞ்சிருக்கான். மிச்சமிருந்த ஒரே லைசென்ஸைக் கவ்விக்கிட்டு அது விடவே இல்ல. லிஸ்ட்ல மெஷின் பேர்தான் விழும், ஆள் பேர் விழாது. தயிருக்குச் சம்பளம் போடாததுதான் பாக்கி!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரஞ்சிதம் சிரிக்கவில்லை.

“அப்பத்தான் சார் என் புது லேப்டாப்ல உள்ள வர முடியல. பொய் சொல்லி டிமிக்கி கொடுக்கிறேன்னு மெமோ கொடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் நம்பல.”

மேகநாதனின் சிரிப்பும் நின்றது. ஞானசேகர் கேக்கைத் தட்டில் வைத்தான். மச்சானிடம் பீற்றிக்கொள்ள, புது ஃப்ரிட்ஜின் கதவில் அலுவலக சிஸ்டத்தைத் திறந்து காட்டிய மாலை நினைவுக்கு வந்தது. அன்று மச்சான் கைதட்டினான்.

“சார் சொன்னது நிஜம்தான்,” என்றான் ஞானசேகர், தட்டைப் பார்த்தபடி. “அது எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்.”