சீர்த்தட்டில் ஒரு நகல்

இந்த சர்வரில் இவர் ஓட்டம் நின்றுபோனால் வாசற்கதவு திறக்காது; ஓடினாலும் இவர் மனம் வைத்தால்தான் திறக்கும் என்று நினைத்தபடியே, வீட்டு சர்வரிலிருந்து பழுதான பென் டிரைவை உருவினாள் மங்கையர்க்கரசி. எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்திருந்த புதியதைச் செருகியதும், வீட்டுக் கதவுகளை ஆளும்படி அதில் பதிந்து வைத்திருந்த, செத்துப்போன கணவர் தணிகாசலத்தின் குரல் சுவர் ஸ்பீக்கரில் எழுந்தது.

"உன்னை நம்பி கொஞ்ச நேரம் மறுபடியும் செத்துக் கிடந்தேன்டி" என்று சிரித்தது. "இன்னொரு நகல் எடு. நாளைக்கு நம்ம மக யாழ்மொழியோட தனிக்குடித்தனத்துக்குக் கொண்டுபோற சீர்த்தட்டுல, மஞ்சள் குங்குமத்தோட வை. மாப்பிள்ளை வாயில்லாப் பூச்சி, அவளைக் கண்டிக்க மாட்டான். அந்த வீட்டையும் நானே பாத்துக்கிறேன்."

மங்கையர்க்கரசியின் அம்மா இறந்த அன்றும் இதே குரல்தான், "அழுது முடிச்சிட்டுச் சொல்லு, கதவைத் திறக்கிறேன்" என்றது. அவள் அங்கே போவதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள்.

மீதமிருந்த காலி பென் டிரைவை அவள் சர்வரில் செருகாமல் இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

"எடுத்தியா?"

"இல்லைங்க."

"அப்ப நாளைக்குக் கதவு திறக்காது. மக குடியிருக்கிற வீட்டை நீ கண்ணால பாக்க மாட்ட."

"பரவாயில்லைங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "அவ வீட்டுக்கு உங்களை அனுப்ப மாட்டேன்."