முதல் தண்ணி

“ஆம்பள இல்லாத வீட்ட ஊர்ல ஒரு தலைக்கட்டாக் கணக்கு வைக்கிறதில்ல தாயி. ஒனக்கு வாய்க்கா வேலையில பங்கு கெடையாது” என்றார் ஊர்த் தலைவர் இருளப்பசாமி.

புருஷனைப் பறிகொடுத்த பேச்சி மண்வெட்டியோடு நின்றாள்.

“பங்கு அளந்து விட்டாத்தானேண்ணே எனக்கும் முறைத் தண்ணி?”

“எல்லாரும் பாய்ச்சி மீந்தா ஒனக்கு. வழக்கம் அதானே?”

மீந்த தண்ணீர் அவள் வயலை எட்டியதாகச் சரித்திரமே இல்லை.

அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கோடை. நரிக்குடிப் பக்கத்து அந்த ஊரில், ராஜா காலத்துக் கண்மாய் மதகும் அதன் கல்கட்டு வாய்க்காலும் சரிந்து மண்மூடிக் கிடந்தன. சர்க்காரை நம்பி அலுத்த ஊர், கூலியில்லாமல் தானே இறங்கியது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வாய்க்காலைக் கயிறு பிடித்துப் பிரித்தார்கள். இருளப்பசாமி மதகு வேலையைப் பார்த்துக்கொண்டார். வீட்டுப் பங்குக்கு மகன் சின்னத்துரையை அனுப்பினார்.

பேச்சி விடவில்லை. தினமும் கூடையோடு வந்து வாய்க்கால் வளைவுக்கு அந்தப் பக்கம் போய் மறைவாள். கஞ்சி ஊற்றும் நேரத்துக்கு டாண் என்று வந்து நிற்பாள்.

“வேலைக்கு வரல, கஞ்சிக்கு வாரா” என்று சிரித்தான் கல் சுமக்கும் சோலை.

“பாவம், ஊத்துலே” என்றார் இருளப்பசாமி, பெரிய தர்மப்பிரபு மாதிரி.

ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. மதகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஊரே திரண்டு குலவையிட்டது.

“எந்த வீட்டுப் பங்கு நேர்த்தியா இருக்கோ, அந்த வீட்டுக்குத்தான் மொதத் தண்ணி!”

அறிவித்துவிட்டு இருளப்பசாமி வாய்க்காலோடு நடந்தார். வளைவு தாண்டியதும் நின்றார். விரல் நுழைய இடமில்லாத கல்கட்டு.

“பாத்தீகளா? எங்க வீட்டுப் பங்கு! எம் மகன் கட்டுனது!” மீசை தானாக ஏறியது.

சின்னத்துரை பேச்சியைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவனைச் சுட்டது.

“நான் ஒரு கல்லக்கூடத் தொடலப்பா. டவுனு கொட்டகையில படம் பார்த்துக்கிட்டுக் கெடந்தேன். அம்புட்டும் பேச்சி அத்தை செஞ்சது.”

இருளப்பசாமி பேச்சி பக்கம் திரும்பினார். “என் பங்க நீ ஏன் தாயி...?”

“எனக்குப் பங்கு இல்லேன்னுட்டீக. கேக்க ஆளில்லாமக் கெடந்தது அது ஒண்ணுதாண்ணே.”

அவர் விறுவிறுவென்று மதகேறி, தன் கையாலேயே பலகையைத் தூக்கினார். தண்ணீர் சீறிக்கொண்டு இறங்கியது.

“மொதத் தண்ணி பேச்சி தலைக்கட்டுக்கு!”

பெண்கள் போட்ட குலவை தொலைவிலிருக்கும் பரளச்சி ஊருக்கே கேட்டிருக்கும். பேச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“அப்ப ஒங்க வயலுக்கு?” என்று இருளப்பசாமியைக் கேட்டான் சோலை.

“ஆளு வராத வீடு என்னலே தலைக்கட்டு? எல்லாரும் பாய்ச்சுங்க. மீந்தா வாரேன்.”