சி மொழி போதும்

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கருக்கான கணினி நிரலை இயந்திரமே எழுதிவிடும். எந்த மொழியில் என்பதை மட்டும் பொறியாளர் நிலோஃபர் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் சொந்த மொழி என்றால் பேட்டரி இருபது வருடம் உழைக்கும். ஆனால் மனிதர் யாராலும் அதை வாசிக்க முடியாது. மனிதர்கள் எழுதிவந்த பழைய சி மொழி என்றால் வாசிக்கலாம், ஆனால் பேட்டரி பத்து வருடம்தான் உழைக்கும். பிறகு இன்னொரு அறுவை சிகிச்சை.

முதலில் பொருத்தப்போவது அவள் கணவன் ஜாபருக்கு. எந்த மொழி என்று அவனிடமே கேட்டாள். அவன் திருப்பிக் கேட்டான்.

“சி-ன்னா நீ படிச்சுப் பார்ப்பல்ல?”

“பார்ப்பேங்க.”

“அப்ப அதுவே போதும். இன்னொரு தடவை நெஞ்சைக் கிழிச்சாலும் பரவாயில்ல.”

மறுநாள் நிரல் வந்தது. வழக்கம்போல அவள் விரல் ‘ஒப்புதல்’ பொத்தானுக்குப் போனது. அந்த அலுவலகத்தில் யாரும் நிரலை வாசித்துப் பல வருடங்களாகின்றன. விரலை எடுத்துவிட்டு முதல் வரியை வாசித்தாள். புரியவில்லை. மறுபடி வாசித்தாள்.